முதன்மை ஆசனம்: டொரியற் அன்ரனி டுவையரின் குழலிசை வாழ்வு பற்றிய ஒரு நோக்கு

மேனாட்டுச் செவ்வியல் இசை பற்றித் தமிழில் வெளிவந்த கட்டுரைகளை நோக்குமிடத்து, அவை பெரும்பாலும் இசை இயற்றியோரின் வரலாறுகளாகவே அமைந்திருத்தலைக் காணலாம். பாக், மொசாட், பீத்தோவன் ஆகியோர் திரும்பத் திரும்ப வருவர். இடையிடையே நெறியாளர் ஒருவரின் பெயர் தலைகாட்டும். ஆனால், நூறு பேர் வரையில் ஒருங்கமர்ந்து வாசிக்கும் பல்லியக் குழு ஒன்றில், ஒரே ஆசனத்தில் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த கலைஞர் ஒருவரைப் பற்றி எழுத முனைந்தோர் மிகச் சிலரே. இது தற்செயலாக நேர்ந்ததன்று. நாம் கையாளும் திறனாய்வு அளவுகோல்கள் தனித்து நிற்போரை அளப்பதற்கென ஆக்கப்பட்டவை. பிறருடைய ஒலியோடு தம் ஒலியைக் கலப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவரை அவற்றால் அளப்பது எளிதன்று.

அமெரிக்காவின் பொஸ்ரன் சிம்பனி இசைக்குழுவில் 1952 முதல் 1990 வரை, முப்பத்தெட்டு ஆண்டுகள், முதன்மைக் குழலிசைஞராக விளங்கிய டொரியற் அன்ரனி டுவையர் அத்தகைய ஒருவர். அவரைப் பற்றி எமது சங்கத்தின் கலந்துரையாடல் ஒன்றிலே சில வார்த்தைகள் கூற நேர்ந்தது. அப்போது சக மாணவர் ஒருவர் எழுந்து, "குழல் இயல்பாகவே மென்மையான வாத்தியம். பெண்களுக்கு ஏற்றது. அதிலே ஒரு பெண் முதன்மை பெற்றதை ஏன் வரலாறு என்கிறீர்கள்?" எனக் கேட்டார். கேள்வி பரிகாசமாகக் கேட்கப்பட்டதன்று. எனினும் அதற்குத் தக்க விடையை அவ்விடத்தே கூற என்னால் இயலவில்லை. காலந்தாழ்த்திய விடையாகவே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

சொல் பற்றிய ஒரு குறிப்பை முதலிலே கூறிவிடல் நன்று. இங்கு புல்லாங்குழல் என யான் குறிப்பது மூங்கிலாலானதன்று. மியூனிக் நகரைச் சேர்ந்த தியோபால்ட் போம் என்பார் 1847இல் உருவாக்கிய நீள்உருளைக் குழலின் வழிவந்த, பெரும்பாலும் வெள்ளியாற் செய்யப்பட்ட, விரல்கள் நேரே எட்டாத துளைகளையும் விசைகளால் மூடித் திறக்கும் கருவி அது. ஊதுமுறை மட்டும் எமது குழலை ஒத்தது. பக்கவாட்டிற் பிடித்து, துளையின் விளிம்பில் மூச்சை மோதவிட்டு ஒலி எழுப்பப்படுவது. புல்லினத்து மூங்கிலின் பெயரை ஓர் உலோகக் கருவிக்கு வழங்குதல் சற்று முரணானதே. ஆயினும் வேறு சொல் எம்மிடம் இல்லை. இனி வெறுமனே குழல் என்றே குறிப்பேன்.

பல்லியக் குழுவில் முதன்மைக் குழலிசைஞரின் பணி யாது? வயலின் வாசிப்போர் பதினைந்து பேர் வரையில் ஒரே சுரவரிசையைச் சேர்ந்து வாசிப்பர். ஒருவர் பிழைத்தால் மற்றையோரின் ஒலி அதனை மூடிவிடும். ஊதுகருவியாளர் நிலை வேறு. அவர்களுள் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பகுதி எழுதப்பட்டிருக்கும். குழல், ஓபோ, கிளாரினற், பஸூன் ஆகிய நான்கினதும் முதன்மையாளர்கள் குழுவின் நடுவே ஒருவரையொருவர் ஒட்டி அமர்ந்திருப்பர். குழலும் ஓபோவும் முன்வரிசையில் அருகருகே. கிளாரினற்றும் பஸூனும் அவற்றுக்குப் பின்னே. தனியிசைப் பகுதிகள் வருங்கால் முதன்மையாளர் தனித்து ஒலித்தல் வேண்டும். அடுத்த கணமே அயலிலுள்ள ஓபோவின் நிறத்தினுள் தம் ஒலியை ஒளித்துக்கொள்ளல் வேண்டும். தனிக்கச்சேரி செய்யும் கலைஞருக்கு முன்னைய ஆற்றல் போதும். குழுவில் இருப்பவருக்கோ இரண்டும் வேண்டும். இவற்றுள் பின்னையதே அரிதானது என்பது எனது கருத்து.

டொரியற் அன்ரனி 1922ஆம் ஆண்டு மார்ச் 6ஆந் திகதி இலினோய் மாநிலத்துச் ஸ்ரீற்றர் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தாயார் தாமே ஒரு குழலிசைஞர். மகளுக்கு முதலாசிரியரும் அவரே. பின்னர் சிக்காகோ சிம்பனியின் முதன்மைக் குழலிசைஞரான ஏர்ணஸ்ற் லீகிலிடம் பயின்றார். றொச்செஸ்ரர் நகரின் ஈஸ்ற்மன் இசைக்கல்லூரியில் 1943இற் பட்டம் பெற்று, அவ்வாண்டே வாஷிங்ரனிலுள்ள தேசிய சிம்பனியில் இரண்டாங் குழலாக அமர்ந்தார். 1946 முதல் 1952 வரை லொஸ் ஏஞ்சல்ஸ் பில்ஹார்மோனிக்கிலும் இரண்டாங் குழலே. ஹொலிவூட் போல் திறந்தவெளி அரங்கிலே நடைபெற்ற கோடைக் கச்சேரிகளில் நெறியாளர் புரூனோ வால்ட்டர் இவரை முதன்மை ஆசனத்தில் அமர்த்தினார் என்பது இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது. ஆற்றல் அறியப்படாமலிருந்ததன்று, அறியப்பட்டும், நிலையான ஆசனம் என்று வரும்போது இரண்டாமிடமே வழங்கப்பட்டது.

இரண்டாங் குழல் என்பது இழிவான பதவி என யாரும் கருதல் வேண்டா. முதன்மையாளருக்குக் கீழே நின்று, அவரது சுருதியைத் தாங்கி, தாழ்ந்த சுரங்களிலே குழுவின் ஒலிக்கு அடித்தளம் இடுவது இரண்டாமவரின் வேலை. ஏறத்தாழ ஒன்பதாண்டுகள் அவ்வேலையைச் செய்தவர் பின்னர் முதலிடத்துக்கு வந்தமை, அவரது குழுவுணர்வு எங்கிருந்து வந்தது என்பதற்கு ஓரளவு விளக்கந் தருகின்றது.

1952இல் பொஸ்ரன் சிம்பனியின் முதன்மைக் குழலிசைஞரான ஜோர்ஜ் லோரன் ஓய்வுபெற்றார். 1918 முதல் முப்பத்து நான்கு ஆண்டுகள் அவ்வாசனத்தில் இருந்த பிரெஞ்சுக்காரர் அவர். குழுவை அப்போது நெறிப்படுத்தியவரும் பிரெஞ்சு மரபில் ஊறிய சாள்ஸ் மூன்ஷே. பொஸ்ரன் நகரமோ அமெரிக்காவிற் குழல் செய்வோரின் நகரம். 1888இல் தொடங்கிய ஹெயின்ஸ் பட்டறையும் 1927இல் தொடங்கிய பவல் பட்டறையும் அங்கேயே இயங்கின. குழலைப் பற்றி இவ்வளவு அறிந்த ஒரு நகரத்திலே, இவ்வளவு காலம் ஒருவரே வகித்த ஆசனத்துக்கு, முப்பது வயதுப் பெண்ணொருவர் தெரிவுசெய்யப்பட்டார்.

இங்கேதான் திறனாய்வாளர் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். டுவையர் பற்றி எழுதப்பட்ட குறிப்புகளுட் பல அவரை "அமெரிக்காவின் பெரும் இசைக்குழு ஒன்றில் முதன்மை ஆசனம் பெற்ற முதற் பெண்" என வருணிக்கின்றன. பெண்கள் வாக்குரிமைப் போராளியான சூசன் பி. அன்ரனியின் உறவுவழியினர் இவர் என்பதையும் சேர்த்துவிட்டாற் கதை முழுமை பெற்றுவிடுகின்றது. ஆனால் வரலாறு அவ்வளவு வசதியானதன்று. ஹெலன் கோட்டாஸ் என்னும் பெண்மணி 1941இலேயே சிக்காகோ சிம்பனியின் முதன்மை ஹோர்ன் வாசிப்பாளரானவர். பிலடெல்பியா இசைக்குழுவில் எட்னா பிலிப்ஸ் 1930இற் சேர்ந்து முதன்மை ஹார்ப் வாசித்தவர். ஹார்ப் வாசிப்போர் குழுவில் ஒருவரோ இருவரோ ஆகலின் அதனைக் கணக்கிற் கொள்ளலாகாது எனச் சிலர் வாதிடலாம். ஆனால் ஹோர்ன்? பித்தளைக் கருவிகளுள் நழுவுதற்கு மிக எளியது, பலராலும் ஆண்மைக்குரியதெனக் கருதப்பட்டது. கோட்டாஸின் சாதனையை மறைத்து டுவையரை முதல்வராக்குவதாற் பெண்கள் அடையும் பயன் ஏதுமில்லை. ஒரு பெண்ணை ஏத்துதற்கு இன்னொரு பெண்ணை மறப்பது விமர்சனமாகாது.

"முதற் பெண்" என்னும் அடைமொழியில் இன்னொரு குறையும் உண்டு. அது ஒரு நாளை மட்டுமே நினைவுகூர்கின்றது. தெரிவுசெய்யப்பட்ட அந்த நாளை. எஞ்சிய முப்பத்தெட்டு ஆண்டுகளும் அடிக்குறிப்பாகிவிடுகின்றன. எமது பல்கலைக்கழகங்களிலே முதல் நாவல், முதற் சிறுகதை, முதற் பெண் எழுத்தாளர் எனத் தேடித் திரியும் ஆய்வுப் போக்குக்கும் இதற்கும் அதிக வேறுபாடில்லை. முதலாவதைக் கண்டுபிடித்தவுடன் ஆய்வு முடிந்துவிடுகின்றது. அந்நூலைப் படிப்பது மட்டும் எஞ்சிநிற்கும்.

இனி, குழல் பெண்களுக்கு இயல்பானது என்ற கூற்றை நோக்குவோம். இயல்பு எனப்படுவது ஒவ்வொரு காலத்துச் சமூகமும் தன் வசதிக்கேற்ப வகுத்துக்கொள்வது என்பதற்குக் குழலைவிடச் சிறந்த சான்று கிடைத்தல் அரிது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் நடுத்தர வர்க்கக் குடும்பங்களிற் பெண்பிள்ளைகளுக்குப் பியானோவும் ஹார்ப்பும் தக்கவை எனக் கருதப்பட்டன. உதட்டைக் குவித்து முகத்தைக் கோணச்செய்யும் ஊதுகருவிகள் நாகரிகக் குறைவு எனத் தள்ளிவைக்கப்பட்டன. குழலும் அவற்றுள் ஒன்று. ஒரு நூற்றாண்டு கழிந்ததும் நிலை தலைகீழாயிற்று. அமெரிக்கப் பாடசாலைகளிற் குழலைத் தெரிவுசெய்வோரிற் பெரும்பாலோர் பெண்பிள்ளைகள். உடனே, குழல் இயல்பாகவே பெண்மை வாய்ந்தது என்ற கருத்துத் தோன்றிவிட்டது. கருவி மாறவில்லை, உதட்டைக் குவிக்கும் முறையும் மாறவில்லை. எனது நண்பர் இயல்பு எனக் கூறியது டுவையர் போன்றோர் அவ்வாசனங்களில் அமர்ந்த பின்னர் உண்டான வழக்கமேயன்றி வேறன்று.

டுவையரின் வாசிப்பை விளங்கிக்கொள்ள அவரது குருபரம்பரையை அறிதல் உதவும். மேனாட்டு இசையிலும் பரம்பரை உண்டு. அதனை அவர்கள் அச்சொல்லால் அழைப்பதில்லை, அவ்வளவே. பாரிஸ் இசைக்கல்லூரியில் 1893 முதற் பேராசிரியராயிருந்த போல் தஃபனேல் நவீன பிரெஞ்சுக் குழல் மரபின் மூலவர். அவருடைய மாணவர் ஜோர்ஜ் பாரேர். 1894 டிசெம்பர் 22ஆந் திகதி டெபுசியின் 'வனதேவனின் பிற்பகலுக்கு முன்னிசை' பாரிசில் முதன்முதல் அரங்கேறியபோது அதன் தொடக்கத் தனியிசையை வாசித்தவர் பதினெட்டு வயது இளைஞரான இந்தப் பாரேரே. 1905இல் அவர் நியூயோர்க்குக்கு வந்து குடியேறினார். அவரிடம் பயின்றவர் வில்லியம் கின்கெயிட். கின்கெயிட்டிடம் பயின்றவர் ஜோசப் மரியானோ. ஈஸ்ற்மன் கல்லூரியில் மரியானோவிடம் பயின்றவர் டுவையர். ஆகவே அவர் பொஸ்ரனுக்கு வந்தபோது அந்நியமான பிரெஞ்சுக் குழுவொன்றினுள் நுழைந்த அமெரிக்கப் பெண்ணாக வரவில்லை. லோரன் எந்த மரபின் பிரதிநிதியாக அங்கு அமர்ந்திருந்தாரோ அதே மரபின் இன்னொரு கிளையாகவே வந்தார். இவ்வுண்மையை "முதற் பெண்" என்னும் கதை அடியோடு மறைத்துவிடுகின்றது.

மூன்ஷின் நெறியாள்கையில் பொஸ்ரன் குழு 1956இல் ஒலிப்பதிவு செய்த டெபுசியின் முன்னிசையை யான் பலமுறை கேட்டுள்ளேன். வேறெந்தக் கருவியின் துணையுமின்றிக் குழல் தனித்துத் தொடங்கும் படைப்பு அது. தொடங்கும் சுரம் சீ ஷார்ப். குழலை அறிந்தோருக்கு இது ஒரு பொறி என்பது தெரியும். அச்சுரத்தை எழுப்பும்போது ஏறத்தாழ எல்லாத் துளைகளும் திறந்திருக்கும். விரல்கள் கருவியைப் பற்றிநிற்பதே கடினம். ஒலி எளிதில் வெளிறிப்போகும், சுருதி அலையும். கருவியின் மிகப் பலவீனமான சுரங்களுள் ஒன்றைத் தெரிந்தெடுத்து, அதனையே மென்மையாகவும் உணர்வோடும் தொடங்குமாறு டெபுசி எழுதிவைத்தார். அரைத்தூக்கத்திலிருந்து விழிக்கும் வனதேவனின் தெளிவின்மை அவ்வொலியிலேயே பொதிந்துள்ளது. அங்கிருந்து இழை வழுக்கியவாறு கீழிறங்கி, மீண்டும் மேலேறி, இன்னொருமுறை அவ்வாறே செய்கின்றது. பின்னரே ஹார்ப்பும் ஹோர்ன்களும் நுழைகின்றன.

இப்பகுதியை ஒரே மூச்சில் வாசிப்பதைச் சில கலைஞர் வித்தையாகக் காட்டுவதுண்டு. கேட்போர் மூச்சை எண்ணத் தொடங்கிவிட்டால் இசை தோற்றுவிட்டது என்றே பொருள். டுவையரின் பதிவில் யான் பாராட்டுவது மூச்சைப் பற்றிய நினைவே எழாமையை. முதற் சுரத்துக்கு அவர் செயற்கையான இனிமை பூசுவதில்லை. அதன் வெளிறிய நிறத்தை அப்படியே விட்டு, இழை கீழிறங்குந்தோறும் சிறிது சிறிதாக ஒலியை அடர்த்தியாக்குகின்றார். ஹோர்ன் நுழையும் இடத்திலே குழலின் இறுதிச்சுரம் எப்போது ஓய்ந்தது என்று கூறமுடியாதவாறு ஒலி கைமாறுகின்றது. இது எனது செவிக்குத் தோன்றியது. வேறு செவிகளுக்கு வேறாகத் தோன்றலாம்.

அதற்கு முந்திய ஆண்டு, 1955இல், அதே குழு ரவெலின் 'டாப்னிசும் குளோவேயும்' என்ற பலே இசையை முழுமையாகப் பதிவுசெய்தது. அதன் மூன்றாம் பகுதியில் நீண்ட குழல் தனியிசை ஒன்று வருகின்றது. பல்லியக் குழுவில் குழலுக்கென எழுதப்பட்டவற்றுள் இதற்கு நிகரானவை வெகு சிலவே. இப்பதிவை எனது நண்பருக்குப் போட்டுக் காட்டினேன். பகுதியின் முடிவருகே உச்சத்திலிருந்து ஓர் இழை வழிந்து இறங்கி அடியாழத்துக்குச் செல்லும். அது முடிந்ததும் எத்தனை குழல்கள் கேட்டன என வினவினேன். ஒன்று என்றார். உண்மையில் அவ்விழை பிக்கொலோ என்னுஞ் சிறுகுழலிற் தொடங்கி, முதற் குழலுக்கும், அங்கிருந்து இரண்டாங் குழலுக்கும், ஈற்றில் தாழ்ந்த சுருதியுடைய பெருங்குழலுக்குமாக நால்வரால் ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கி வாசிக்கப்படுவது. ஒரு குழலின் வீச்சு முழுவதற்கும் போதாத தூரத்தை நான்கு குழல்கள் சேர்ந்து கடக்கின்றன. தனியிசை எனப் பாராட்டப்படுவதன் உள்ளே இவ்வளவு கூட்டுழைப்பு மறைந்துள்ளது. முதன்மையாளரின் பெருமை அவ்விழையைத் தாம் வைத்துக்கொள்ளாமல் அடுத்தவர் எடுத்துக்கொள்ளக்கூடியவாறு கொடுப்பதிலே தங்கியுள்ளது. நண்பர் இரண்டாம் முறையும் போடச் சொன்னார். இரண்டாம் முறையும் ஒன்றாகவே கேட்டது.

அவ்விடத்து நாடகக் கதையையும் குறிப்பிடல் வேண்டும். டாப்னிஸ் பான் தேவனாகவும் குளோவே சிறிங்ஸ் என்னும் வனமகளாகவும் அபிநயிக்கின்றனர். கிரேக்கப் புராணத்தின்படி சிறிங்ஸ் பானின் காமத்துக்கு அஞ்சி ஓடி, நாணற் புல்லாக மாறியவள். அந்நாணலை அறுத்துப் பான் குழல் செய்து தன் ஏக்கத்தை ஊதுகின்றான். பெண் கருவியாகின்றாள், ஆண் இசைஞனாகின்றான். இப்புராணத்தை இசையாக்கிய பகுதியைப் பெண்ணொருவர் வாசிக்கும்போது அதன் பொருள் மாறுகின்றதா? ஒலியில் ஆண், பெண் இல்லை என்பதே நேர்மையான விடை. கண்ணை மூடிக் கேட்போருக்கு எதுவும் மாறுவதில்லை. அரங்கில் இருந்து பார்த்தோருக்கு மாறியிருத்தல் கூடும். அதற்குமேல் இதனை நீட்டிப்பது குறியீடு தேடுவோரின் விளையாட்டாகிவிடும்.

மூன்ஷுக்குப் பின்னர் 1962இல் எரிக் லைன்ஸ்டோர்ப், 1969இல் வில்லியம் ஸ்ரைன்பேர்க், 1973இல் செய்ஜி ஒசாவா என நெறியாளர்கள் மாறிவந்தனர். நால்வரும் நான்கு விதமானவர். அவர்களது மாற்றங்களுக்கிடையே அவ்வாசனத்தில் அசையாதிருந்தவர் டுவையர். 1964இல் பொஸ்ரன் சிம்பனியின் முதன்மையாளர்களைக் கொண்டு சிற்றறை இசைக்குழு ஒன்று தொடங்கப்பட்டபோது அதன் தொடக்க உறுப்பினருள் அவரும் ஒருவர். பிராம்சின் நான்காம் சிம்பனியின் இறுதிப் பகுதியில் எட்டு அசைவுகளைக் கொண்ட கரு ஒன்று முப்பது தடவைகள் உருமாறி வருகின்றது. அதன் நடுவே, எல்லாம் தளர்ந்து மெலிந்த ஓரிடத்திலே, குழல் மட்டும் விம்மி விம்மி ஏறும். ஒரு முதன்மைக் குழலிசைஞர் தம் வாழ்நாளில் இவ்வெட்டு அசைவுகளை எத்தனை மாலைகளில் வாசித்திருப்பார்! ஒவ்வொரு மாலையும் புதிதாக வாசித்தல் வேண்டும். ஆனால் நெறியாளர் கோரும் வேகத்தில், அவர் கோரும் அளவில். சுதந்திரமும் கட்டுப்பாடும் பற்றி நாம் நூல்களிற் படிப்பதை அவர்கள் தொழிலாகச் செய்கின்றனர்.

ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் கற்பித்த வோல்ற்றர் பிஸ்ரன் 1971இல் டுவையருக்கெனக் குழல் கொன்சேர்ட்டோ ஒன்றை இயற்றினார். டுவையர் ஓய்வுபெற்ற 1990இல் எலன் ராஃப் ஸ்விலிக் இயற்றிய குழல் கொன்சேர்ட்டோவை அவரே பொஸ்ரன் குழுவுடன் முதன்முதல் வாசித்தார். ஸ்விலிக் 1983இல் இசைக்கான புலிற்சர் பரிசைப் பெற்ற முதற் பெண். ("முதற் பெண்" என்ற தொடரை யானும் எழுதிவிட்டேன். தவிர்ப்பது எளிதன்று எனத் தெரிகின்றது.) குழுவில் இருந்தவரைப் பாராட்டுவதற்கு அவரைக் குழுவின் முன்னே தனியாக நிறுத்தவேண்டியிருப்பது ஒரு முரண். ஆயினும் இவ்விரு படைப்புகளும் அவர் இருந்திராவிடில் தோன்றியிரா.

இக்கதை வெற்றிக் கதையாக இங்கு முடிந்திருக்கலாம். ஏனைய குழுக்களின் நிலையை நோக்கினால் அதற்கு இடமில்லை. நியூயோர்க் பில்ஹார்மோனிக்கில் கொன்ரபாஸ் வாசித்த ஓரின் ஓபிரையன் 1966இற் சேர்ந்தபோது அக்குழுவில் வேறு பெண்ணில்லை. 1882இல் தோன்றிய பெர்லின் பில்ஹார்மோனிக் 1982இலேயே ஒரு பெண் வயலின் கலைஞரை ஏற்றது. வியன்னா பில்ஹார்மோனிக் 1997 வரை பெண்களை உறுப்பினராக்கவில்லை. அங்கு இரு தசாப்தங்களுக்கு மேலாக ஹார்ப் வாசித்த அன்னா லெல்கெஸ் என்பாரின் பெயர் நிகழ்ச்சிநிரலிற்கூட இடம்பெறாதிருந்தது. ஒலி வேண்டும், பெயர் வேண்டா!

1970கள், 1980களில் அமெரிக்கக் குழுக்களிலே திரைக்குப் பின்னிருந்து வாசித்துத் தேர்வு நடத்தும் முறை பரவியது. தேர்வாளர் வாசிப்போரைக் காணமாட்டார். இம்முறையாற் பெண்களின் வாய்ப்புப் பெருகியதெனப் பொருளியலாளர் இருவர் 2000இல் வெளியிட்ட ஆய்வு பெரும்புகழ் பெற்றது. அதன் புள்ளிவிபரங்கள் அவ்வளவு உறுதியானவையல்ல எனப் பின்னர் ஐயங்களும் எழுப்பப்பட்டன. எவ்வாறாயினும், குழுக்களிற் பெண்களின் தொகை பெருகியமை கண்கூடு. ஆனால் திரை தேர்வு நாளில் மட்டுமே தொங்குகின்றது. சம்பளம் பேசும் அறையில் திரையில்லை.

டுவையரின் அதே ஆசனத்துக்கு 2004இல் எலிசபெத் றோ, திரைக்குப் பின்னிருந்து வாசித்துத் தெரிவானார். 2018 யூலை 1ஆந் திகதி மசசூசெற்ஸ் மாநிலத்திற் சமவேதனச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மறுநாளே றோ தமது குழுவுக்கு எதிராக வழக்குத் தாக்கல் செய்தார். பக்கத்து ஆசனத்தில் அமர்ந்திருந்த முதன்மை ஓபோ வாசிப்பாளர் ஜோன் பெரில்லோவைவிடத் தமக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 70,000 டொலர் குறைவாக வழங்கப்படுகின்றது என்பது அவரது முறைப்பாடு. பெரில்லோ தாமே றோவின் திறமையைப் போற்றி அவர் பக்கம் நின்றார். ஓபோவும் குழலும் ஒப்பிடத்தக்கவையல்ல, ஓபோ வாசிப்போர் அரியர், குழு முழுவதற்கும் சுருதி கொடுப்பது ஓபோவே என்பன நிர்வாகம் முன்வைத்த வாதங்கள். 2019 பெப்ரவரியில் இணக்கம் காணப்பட்டது; அதன் விபரங்கள் வெளியிடப்படவில்லை.

கலை பற்றிய பேச்சிற் கூலி என்ற சொல் வந்ததும் முகஞ்சுழிப்போர் எம்மிடையே உளர். ஆனால் இவ்வழக்கில் வெளிப்பட்ட வாதத்தின் அமைப்பை உற்றுநோக்குதல் வேண்டும். பெண்கள் குழலை ஊதலாகாது என்றிருந்த காலத்தில் அது அவர்களை ஆசனத்திலிருந்து விலக்கப் பயன்பட்டது. பெண்கள் பெருந்தொகையாகக் குழலை ஏற்ற பின்னர், குழலிசைஞர் மலிந்துவிட்டனர், ஆகவே விலை குறைவு என்ற வாதம் வந்தது. கதவு மூடியிருந்தபோதும் காரணம் இருந்தது, திறந்த பின்னரும் காரணம் இருக்கின்றது. இது திட்டமிட்ட சதி என யான் கூறவில்லை. சந்தை என்பது முன்னைய அநீதிகளின் விளைவைத் தன் இயற்கை விதியாக எழுதிக்கொள்ளும் என்பதே எனது கருத்து. ஓபோவின் இரட்டை நாணலைச் சீவிச் சீவி வாழ்நாளைக் கழிக்கும் கலைஞரின் உழைப்பை யான் குறைத்து மதிப்பிடவில்லை. ரவெலின் தனியிசையை வாசிக்கவேண்டிய மாலையில் அவருக்கு அருகில் இருப்பவரின் உழைப்பு அதற்குக் குறைந்ததா என்பதே கேள்வி.

வழக்குத் தாக்கல் செய்யப்பட்டபோது டுவையருக்குத் தொண்ணூற்றாறு வயது. 2020 மார்ச் 14ஆந் திகதி, தமது தொண்ணூற்றெட்டாம் பிறந்தநாள் கழிந்து எட்டு நாட்களில், கன்சாஸ் மாநிலத்து லோரன்ஸ் நகரிற் காலமானார்.

இக்கட்டுரையின் கையெழுத்துப் பிரதியை எனது நண்பரிடம் வாசிக்கக் கொடுத்தேன். இயல்பு பற்றிய வாதத்தைத் தாம் மீளப்பெற்றுக்கொள்வதாகக் கூறினார். ஓபோ பற்றிய வாதத்தில் மட்டும் நிர்வாகத்தின் பக்கமும் நியாயம் உண்டு என்றும், அருமையானதற்கு விலை அதிகம் என்பதை எந்தப் பொருளியல் மாணவனும் மறுக்கமாட்டான் என்றும் எழுதித் தந்தார். அவர் பொருளியல் பயில்பவர். அவருடைய மறுப்பு அடுத்த கலந்துரையாடலில் இடம்பெறும் எனச் செயலாளர் அறிவித்துள்ளார்.